பின்னால் ஓடும்போது மட்டும் சரியாக இருந்த கால்

2016 ஜூன் மாதம். மாங்கூழ் ஃபேக்டரிகளுக்கு லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சமயம் என்பதால் ஹைவேஸ் பக்கம் போகாமல், கே.ஆர்.பி. அணைக்கட்டு ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் எட்டு கிலோமீட்டர் முடித்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றினால், வலது காலில் ஒட்டிக்கொண்டு வந்தது. கணுக்காலின் உள்பக்கம், எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில், ஒரு ரூபாய் அளவுக்குத் தோல் வழண்டு ரத்தம் கசிந்திருந்தது. ஏதோ கல் பட்டிருக்கும் என்று மஞ்சள் வைத்துவிட்டேன். மறுநாளும் அதே இடம். ஒரு வாரம் கழித்து வாசலில் கிடந்த ஷூவை எடுத்துப் பார்த்த என் மனைவிதான், "ஏங்க, இடது ஷூ உள்பக்கம் இப்படித் தேஞ்சு கெடக்குதே" என்றார். காயம் வலது காலில். குறை இடது காலில். ஒவ்வொரு அடியிலும் இடது பாதம் உள்ளே திரும்பி வலது காலை இடித்திருக்கிறது. இருபது வருஷமாக ஓடுகிற எனக்கு அது தெரியவே இல்லை.

நான் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். பதினேழு வயதில் 5000 மீட்டர் ஓட ஆரம்பித்தவன். வேலைக்கு வந்த பிறகும் வாரத்துக்கு ஆறு நாள் விடியலில் ஓட்டம் உண்டு. கால் இப்படி ஆனபோது வயது முப்பத்தெட்டு. என்ன நோய் என்று பெயர் தெரிவதற்குக் கிட்டத்தட்ட மூன்று வருஷம் ஆனது. அந்த மூன்று வருஷத்தில் தமிழில் இதைப் பற்றி ஒரு பக்கம் கூட என் கையில் கிடைக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முக்கியமான விஷயம், வலி கிடையாது. ஓட்டக்காரர்களுக்கு வருகிற எந்தத் தொல்லையும் வலியோடுதான் வரும். முட்டி வலிக்கும், குதிகால் குத்தும், ஆடுசதை பிடிக்கும். இது அப்படி இல்லை. முதல் சில மாதங்கள் இரண்டாவது கிலோமீட்டர் தாண்டிய பிறகுதான் பாதம் திரும்பியது. அப்புறம் முதல் அடியிலிருந்தே. தார் ரோட்டில் 'தப், தப்' என்று சீராக விழுந்துகொண்டிருந்த சத்தம் 'தப், சரக்... தப், சரக்' என்று மாறியது. கட்டைவிரல் பக்கம் தரையை உரசுகிற சத்தம் அது. ஒரு மாதம் ஓடாமல் ஓய்வெடுத்துப் பார்த்தேன். திரும்ப ஓடிய முதல் நாளே, விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. தசைப்பிடிப்பாக இருந்தால் ஓய்வில் ஆறியிருக்க வேண்டும். அதை அப்போது யோசிக்கத் தோன்றவில்லை.

நடக்கும்போது ஒன்றும் தெரியாது. சைக்கிள் மிதித்தால் ஒன்றும் தெரியாது. அதனால் டாக்டரிடம் போனபோதெல்லாம் ஒரே கதைதான். அறைக்குள் பத்தடி நடந்து காட்டச் சொல்வார்கள், நடப்பேன், "நல்லாத்தானே நடக்கறீங்க" என்பார்கள். ஓடிக் காட்ட அந்த அறையில் இடம் ஏது? முதுகில் எம்ஆர்ஐ எடுத்தார்கள். கீழ்முதுகில் எல்4, எல்5 என்ற எலும்புகளுக்கு இடையில் இருக்கும் டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது என்று வந்தது. நாற்பதை நெருங்கும் ஆளுக்கு எம்ஆர்ஐ எடுத்தால் பலருக்கும் அப்படி ஏதாவது தெரியத்தான் செய்யும், அதனால் ஒரு தொந்தரவும் இல்லாமல் இருப்பவர்கள் நிறையப் பேர் என்று பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு அந்தப் படம்தான் எல்லாருக்கும் விடை ஆகிவிட்டது. ஒரு மருத்துவமனையில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். முதுகும் வலிக்கவில்லை, காலும் மரக்கவில்லை, எதற்கு ஆபரேஷன் என்று என் தம்பி ஒற்றைக் காலில் நின்றதால் தப்பித்தேன். இந்த நோய் உள்ளவர்களில் தேவையில்லாத ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் உண்டு. வலி இல்லாமல், ஒரு குறிப்பிட்ட அசைவில் மட்டும் வரும் கோளாறுக்கு யாராவது கத்தி வைக்கச் சொன்னால், இன்னொரு டாக்டரிடம் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அதன் பிறகு பிசியோதெரபி, மூன்று ஜோடி ஷூ, உள்ளே வைக்கிற தக்கை, எண்ணெய்க் கட்டு. அம்மா, "யாரோ கண்ணு வெச்சுட்டாங்கடா" என்று மிளகாய் சுற்றிப் போட்டார். கடைசியாகப் பார்த்த ஒருவர், ரிப்போர்ட் எல்லாம் சரியாக இருக்கிறது, மனசில் ஏதாவது கவலையா, வீட்டில் பிரச்சினையா என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை ரொம்ப நோகடித்தது. பதற்றமாக இருக்கும் நாளில் கால் கூடுதலாகத் திரும்பும் என்பது உண்மை. மாவட்டப் போட்டியில் நூறு பேர் பார்க்க ஓடினால் மோசமாகும். அதை வைத்து எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஓட்டத்தை விட்டுவிட்டேன். பள்ளியில் பிள்ளைகளுக்கு ஓடிக் காட்டுவதையும் நிறுத்தி, விசிலும் ஸ்டாப்வாட்சுமாக ஓரத்தில் நின்றேன்.

2018 நவம்பரில் ஒரு காலை. கபடி அணிப் பெண்களுக்கு வார்ம்-அப். பாடிப் போய்த் திரும்பும்போது எதிரணியைப் பார்த்தபடி பின்னாலேயே வேகமாக வரத் தெரிய வேண்டும். அதற்குப் பின்னோட்டப் பயிற்சி உண்டு. சரியாக வராத ஒரு பெண்ணுக்காக நானே செய்து காட்டினேன். மைதானத்தின் இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோடு வரை பின்னால் ஓடினேன். நின்றதும் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "சார், பின்னாடி ஓடறப்ப உங்க கால் நல்லா இருக்குதே சார்" என்றாள்.

திரும்ப ஓடிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. பின்னால் ஓடினால் இடது பாதம் நேராக விழுந்தது. முன்னால் ஓடினால் இரண்டாவது அடியிலேயே உள்ளே மடங்கியது. பக்கவாட்டில் ஓடினேன், பரவாயில்லை. மறுபடி முன்னால், மறுபடி மடங்கியது. பத்து முறையாவது செய்திருப்பேன். பிள்ளைகள் எல்லாம் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எலும்பிலோ டிஸ்கிலோ கோளாறு இருந்தால் அது ஒரு திசையில் மட்டும் எப்படி வரும்?

அன்று மாலையே உடன் வேலை பார்க்கும் கணக்கு மாஸ்டரை மொபைலில் படம் பிடிக்கச் சொன்னேன். முன்னால், பின்னால், பக்கவாட்டில் ஓடியது, பள்ளி மாடிப்படி ஏறியது, இறங்கியது. ஏறும்போது ஒன்றுமில்லை. இறங்கும்போது பாதம் திரும்ப ஆரம்பித்திருந்தது, அதையும் நான் கவனித்திருக்கவில்லை. அந்த வீடியோவை ஒரு நரம்பியல் டாக்டரிடம் காட்டினேன். முழுதாக ஒரு நிமிஷம் கூடப் பார்க்கவில்லை. "இது காலில் இல்லை, மூளையிலிருந்து வருகிற உத்தரவில் இருக்கிறது. அசைவுக் கோளாறுகளைப் பார்க்கும் இடத்துக்குப் போங்கள்" என்று பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்தார். கிருஷ்ணகிரியிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டர்தான். ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது, சாந்திநகர் போகிற பஸ்ஸில் ஏறினால் வழியில் இறங்கிக்கொள்ளலாம். மூன்று வருஷம் நான் அதைக் கடந்து எத்தனையோ முறை போயிருக்கிறேன்.

2019 பிப்ரவரியில் பெயர் கிடைத்தது. டிஸ்டோனியா. அதிலும் ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும்போது மட்டும், உடம்பின் ஒரு பகுதியில் மட்டும் வருகிற வகை. ஓட்டக்காரர்களுக்கு வரும்போது ரன்னர்ஸ் டிஸ்டோனியா என்கிறார்கள். மிகவும் அரிது. வருஷக்கணக்காக ஓடியவர்களுக்கு, பெரும்பாலும் நடுவயதில் வருகிறது. டிஸ்டோனியா என்ற சொல்லை 1911-இல் ஹெர்மன் ஓப்பன்ஹைம் என்ற ஜெர்மன் நரம்பியல் மருத்துவர் வைத்திருக்கிறார். நூறு வருஷத்துக்கு மேல் பழைய பெயர், எனக்கு அன்றுதான் புதிது.

என்ன நடக்கிறது என்பதை நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்கிறேன். எங்கள் ஊரில் அணைத் தண்ணீர் பாய்கிற வயல் வைத்திருப்பவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். ஒரு மடையைத் திறக்கும்போது பக்கத்து மடையை அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் வேண்டாத வயலிலும் தண்ணீர் ஏறும். ஒரு தசை சுருங்கும்போது அதற்கு எதிரானதும் அக்கம்பக்கத்தில் இருப்பவையும் அடங்கியிருக்க வேண்டும். மூளையின் ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்லியா என்ற பகுதியும் அதோடு சேர்ந்த நரம்புப் பாதைகளும் இந்த அடைக்கிற வேலையைச் செய்கின்றன. டிஸ்டோனியாவில் அந்த அடைப்பு சரியாக விழுவதில்லை. பாதத்தைத் தூக்க வேண்டிய நேரத்தில், பாதத்தை உள்ளே இழுக்கிற தசையும் சேர்ந்து இழுக்கிறது. ஒரே அசைவை லட்சக்கணக்கான முறை செய்து செய்து, மூளைக்குள் அந்தக் காலுக்கான வரைபடமே கலைந்துபோவதும் ஒரு காரணம் என்கிறார்கள். பின்னால் ஓடுவது மூளைக்கு வேறு வேலை, வேறு உத்தரவு. அதனால்தான் அப்போது கால் சொன்னபடி கேட்டது.

குடும்பத்தில் யாருக்காவது இப்படி உண்டா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தவன் நின்றுவிட்டேன். என் சித்தப்பா பத்திர எழுத்தர். சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ் எதிரில் புளியமரத்தடியில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார். முத்து முத்தாக எழுதுவார். ஐம்பது வயது வாக்கில், பேனாவைப் பிடித்தால் கட்டைவிரல் மடங்கி உள்ளங்கைக்குள் போய்விடும். சாப்பிடுவார், சட்டைப் பொத்தான் போடுவார், மாட்டைப் பிடித்துக் கட்டுவார், எல்லாம் அதே கையால். எழுத மட்டும் முடியாது. இடது கையால் எழுதப் பழகிப் பார்த்தார், பத்திரத்துக்கு அந்தக் கையெழுத்து ஆகவில்லை. குடிதான் காரணம் என்று ஊரே பேசியது. அவர் பொட்டுக்கூடக் குடித்ததில்லை. டாக்டரிடம் இதைச் சொன்னதும், "அதுவும் டிஸ்டோனியாவாக இருக்கலாம், எழுதுகிறவர்களுக்கு வருகிற வகை" என்றார். இசைக் கலைஞர்களுக்கும் வரும். லியான் பிளைஷர் என்ற அமெரிக்கப் பியானோ கலைஞருக்கு 1960-களில் வலது கை விரல்கள் இப்படி மடங்கி, முப்பது வருஷம் போல இடது கையால் மட்டும் வாசித்து, பிறகு ஊசி சிகிச்சையால் இரண்டு கையாலும் வாசிக்கத் திரும்பியிருக்கிறார். சித்தப்பா 2004-இல் போய்விட்டார், கிருஷ்ணகிரி தனி மாவட்டமான அதே வருஷம். தன் கைக்கு ஒரு பெயர் உண்டு என்பது தெரியாமலே போனார். சித்தியிடம் போய்ச் சொன்னேன். "குடியில்லன்னு டாக்டரே சொன்னாராப்பா?" என்று இரண்டு முறை கேட்டார்.

டிஸ்டோனியாவைக் காட்டிக்கொடுக்க ஒரு தனி ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். பரிசோதனைகள் எல்லாம் மற்ற நோய்கள் இல்லை என்று உறுதிசெய்ய. மூளை எம்ஆர்ஐ எடுத்தார்கள். ரத்தத்தில் தாமிரம், அதைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதம் இரண்டையும் பார்த்தார்கள், கண்ணையும் ஒரு கருவியில் பார்த்தார்கள். உடம்பில் தாமிரம் தேங்கும் வில்சன் நோய்க்காக. அதுவும் இப்படித் தொடங்கலாம், மருந்தால் கட்டுப்படுத்தக்கூடியது என்பதால் அதைத் தவறவிடக் கூடாதாம். என்னென்ன மாத்திரை சாப்பிட்டிருக்கிறேன் என்று துருவித் துருவிக் கேட்டார்கள். வாந்திக்குக் கொடுக்கிற மெட்டோகுளோபிரமைடு, மனநோய்க்கான சில மருந்துகள்கூட இப்படி இழுப்பை உண்டாக்குமாம். அதனால் பழைய சீட்டு ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள், பையோடு கொண்டு போங்கள்.

முதலில் லெவோடோபா என்ற மாத்திரை கொடுத்தார்கள். மருந்துக் கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, "இது பார்கின்சன் மாத்திரையாச்சே மாஸ்டர்" என்றார். கை கால் நடுங்குகிற அந்த நோயா என்று வீடே ஒரு வாரம் தூங்கவில்லை. அடுத்த முறை கேட்டபோதுதான் விவரம் தெரிந்தது. டிஸ்டோனியாவில் ஒரு வகை இந்த மாத்திரையின் சின்ன அளவுக்கே அருமையாக அடங்கிவிடும், அதனால் சில வாரம் கொடுத்துப் பார்ப்பார்கள். பார்கின்சன் நோயும் சிலருக்கு, முக்கியமாகச் சின்ன வயதில் வருகிறவர்களுக்கு, ஓடும்போது பாதம் மடங்குவதில் ஆரம்பிக்கலாம் என்பதால், வருஷா வருஷம் வந்து காட்டவும் சொன்னார்கள். எனக்கு லெவோடோபா வேலை செய்யவில்லை. அடுத்தது டிரைஹெக்சிபெனிடில் என்ற மாத்திரை. கால் கொஞ்சம் இளகியது, ஆனால் நாக்கு கட்டையாக வறண்டது, மலம் கட்டியது, வருகைப் பதிவேட்டில் எனக்கு மனப்பாடமான பிள்ளைகளின் பெயர்கள் வாய்க்கு வரவில்லை. பாடம் நடத்துகிறவனுக்கு அது ஒத்துவராது. மெதுவாகக் குறைத்து நிறுத்தினார்கள். இந்த மாத்திரையை நீங்களாக ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாது. கண்ணில் அழுத்தம் இருந்தாலோ, சிறுநீர் போவதில் சிரமம் இருந்தாலோ ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

2019 ஜூனில் போட்டுலினம் ஊசி. முகச் சுருக்கம் போக்குவதற்கு போடுகிறார்களே போடாக்ஸ், அதே மருந்து. நரம்பு முனையிலிருந்து தசைக்குப் போகும் செய்தியை அது தற்காலிகமாகத் தடுக்கிறது. ஊசிக் கம்பியே ஒரு கருவியோடு இணைக்கப்பட்டிருக்கும், தசையின் மின்னோட்டம் ஸ்பீக்கரில் சத்தமாகக் கேட்கும். முழங்காலுக்குக் கீழே, எலும்பை ஒட்டி ஆழத்தில் இருக்கும் தசைக்குள் கம்பி போனதும், பாதத்தை உள்ளே திருப்பச் சொன்னார்கள். திருப்பினேன். தகரக் கூரையில் கல்மாரி பெய்கிற மாதிரி ஒரு இரைச்சல். "இதுதான்" என்று சொல்லி மருந்தைச் செலுத்தினார்கள். அவ்வளவு நாள் எனக்குள் ஒளிந்திருந்ததை அன்றுதான் காதால் கேட்டேன்.

அன்றைக்கே ஒன்றும் நடக்காது. பத்தாவது நாள் வாக்கில் பாதம் இளகியது தெரிந்தது. முதல் முறை அளவு கொஞ்சம் அதிகம், ஆடுசதை தளர்ந்து மூன்று வாரம் காலை இழுத்து நடந்தேன். பயந்துவிட்டேன். இது நிரந்தரம் இல்லை, மருந்து இறங்க இறங்கச் சரியாகும் என்றார்கள், ஆனது. இரண்டாம் முறை அளவைக் குறைத்து, இடத்தையும் கொஞ்சம் மாற்றினார்கள். முதல் ஊசியில் சரிவரவில்லை என்று விட்டுவிடாதீர்கள், இரண்டு மூன்று முறைக்குப் பிறகுதான் உங்கள் காலுக்கான அளவு பிடிபடும். அதற்கு நீங்கள் உதவலாம். ஒரு நோட்டில் எந்தத் தேதி ஊசி, எத்தனை யூனிட், எந்த நாள் இளகியது, எந்த நாள் பலவீனம், எந்த வாரம் பழையபடி மடங்க ஆரம்பித்தது என்று எழுதி வையுங்கள். என் டாக்டர் அந்த நோட்டைத்தான் முதலில் கேட்கிறார். ஒரு ஊசி போட்டு மூன்று மாதம் ஆகும் முன்பே அடுத்த ஊசியைக் கெஞ்சிக் கேட்காதீர்கள். அடிக்கடி போட்டால் உடம்பு அந்த மருந்துக்கு எதிர்ப்பை வளர்த்துக்கொண்டு, பிறகு வேலை செய்யாமல் போக வாய்ப்பிருக்கிறது. செலவு பெரியது, நூறு யூனிட் குப்பி பல ஆயிரம் ரூபாய். காப்பீட்டில் வருமா என்பதை ஊசிக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

2020 மார்ச்சில் நாலாவது ஊசிக்குத் தேதி. ஊரடங்கு வந்துவிட்டது. மாநில எல்லையான ஜூஜுவாடியைத் தாண்ட இ-பாஸ் வேண்டியிருந்தது. இரண்டு ஊசி தவறியது. ஜூலையில் கால் 2016-க்கே திரும்பிப் போயிருந்தது. அந்த ஆறு மாதத்தில் என்னைக் காப்பாற்றியது இரண்டு விஷயம். ஒன்று, பிசியோதெரபிஸ்ட் போனில் சொல்லிக்கொடுத்த பயிற்சி. வெறுங்காலில், மொட்டை மாடியில், மிக மெதுவாகப் பின்னால் நடந்து, அதே உணர்வோடு இரண்டடி முன்னால் நடந்து, மடங்கும் முன்பே நிறுத்திவிடுவது. இன்னொன்று நானாகக் கண்டுபிடித்தது. முழங்காலுக்குக் கீழே பழைய வேட்டிக் கிழிசலை இறுக்கமில்லாமல் கட்டிக்கொண்டு நடந்தால் பாதம் பாதிக்குப் பாதி அடங்கியது. ஏதோ மூடநம்பிக்கை என்று யாரிடமும் சொல்லவில்லை. செப்டம்பரில் டாக்டரிடம் தயங்கிச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. டிஸ்டோனியாவுக்கே உரிய குணமாம் அது. கழுத்து திரும்புகிறவர்கள் தாடையை ஒரு விரலால் தொட்டால் நேராகும், அதுபோல. மூளைக்குப் போகும் தொடு உணர்வு மாறினால் உத்தரவும் கொஞ்சம் மாறுகிறது. உங்களுக்கும் அப்படி ஏதாவது தந்திரம் இருந்தால், இடுப்பில் கை வைத்தால் சரியாகிறது என்றோ, கையில் எதையாவது பிடித்துக்கொண்டு ஓடினால் நன்றாக இருக்கிறது என்றோ இருந்தால், வெட்கப்படாமல் சொல்லுங்கள். நோயை அடையாளம் காண அதுவே உதவும்.

இப்போதெல்லாம் யாராவது காலைப் பற்றிக் கேட்டு என்னிடம் வந்தால், நான் டாக்டர் இல்லை என்று சொல்லிவிட்டு, வீடியோ எடுக்கத்தான் சொல்கிறேன். முன்னாலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, முட்டிக்குக் கீழே நன்றாகத் தெரிகிற மாதிரி, பேன்ட் போடாமல் டிராயரோடு. முன்னோட்டம், பின்னோட்டம், படி ஏற, இறங்க. ஷூவோடும் வெறுங்காலோடும். ஒவ்வொன்றும் அரை நிமிஷம் போதும். போன மாதம் பர்கூரிலிருந்து வந்த ஒரு பையனுக்கு, ஓடி முடித்த பிறகு கால் மரத்து, வலித்து, உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் சரியாகிறது. எனக்கு வந்தது அப்படி இல்லை. அவனுடையது ரத்தக்குழாயோ, தசை அழுத்தமோ, வேறு ஏதாவதோ இருக்கலாம், நரம்பு டாக்டரைத் தேடி அலையாமல் முதலில் பொது மருத்துவரைப் பார் என்று அனுப்பினேன்.

நான் இன்னும் பத்து கிலோமீட்டர் ஓடுவதில்லை. இது முழுதாகக் குணமாகிற நோய் இல்லை. என் நோட்டைப் பார்த்தால், ஊசி போட்ட நாலாவது வாரத்திலிருந்து ஒன்பதாவது வாரம் வரைதான் என் கால் என்னுடையது. அந்த ஆறு வாரமும் அணைக்கட்டு ரோட்டில் இரண்டு, இரண்டரை கிலோமீட்டர் மெதுவாக ஓடுகிறேன். மற்ற நாட்களில் சைக்கிள். கபடிப் பெண்களுக்குப் பின்னோட்டம் மட்டும் எல்லா நாளும் நானே காட்டுகிறேன், அதற்கு எந்த ஊசியும் வேண்டாம். அடுத்த ஊசி ஆடிப் பதினெட்டுக்கு முந்தின வாரம்.